இளநீரும் இதயமும்

மூலக்குளத்தில் என் வீட்டிற்கு எதிரே, வில்லியனூர் செல்லும் சாலையோரம், ஓர் இளநீர்க் கடை உண்டு. சென்ற சித்திரை மாதத்தில் ஒருநாள், அண்டை வீட்டுப் பெரியவர் அங்கே இளநீருக்குக் கை நீட்டினார். நான் ஓடிச் சென்று தடுத்தேன். அவருக்குச் சினம் வந்தது. "இளநீர் குளிர்ச்சியல்லவா, டாக்டர் ஐயா! அதிலே என்ன தீங்கு?" என்றார். அவர் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவருக்கு நான் சொன்ன விடையையே நேயர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

சிறுநீரகம் கெட்டவரின் உயிரைப் பறிப்பது சிறுநீர்த் தேக்கமே என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் இதயமே அங்கு முதலில் வீழ்கிறது. காய், கனி, இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் என்னும் சத்து மிகுந்துள்ளது. உடலுக்கு மிஞ்சியதில் பெரும்பகுதியை வெளியேற்றுவது சிறுநீரகந்தான். குருதியில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பதே இயல்பு. 6.5-ஐக் கடந்தால் இதயத்தை இயக்கும் மின்துடிப்பு தடுமாறும். இதயம் நின்றும் போகலாம். கொடுமை யாதெனில், இதற்கு வலி கிடையாது. சிலருக்குக் கால்கள் தளரும். சிலருக்கு எவ்விதக் குறியும் தோன்றாது. கால்சியம் ஊசி இதயத்தைக் காக்கும். இன்சுலினும் குளுக்கோசும் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளும். இவையெல்லாம் சில மணி நேரக் காவலே. சிறுநீர் வற்றியவருக்கு அதை உடலைவிட்டு நீக்க டயாலிசிஸே வேண்டும். ஆதலால் ஒரு முறை தவறினும் ஆபத்து. சோடியம் குறைந்ததென்று விற்கப்படும் மாற்று உப்புகள் பலவற்றிலும் பொட்டாசியமே உள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளியேறாத நீர் நுரையீரலில் தேங்குவது மற்றோர் அபாயம். படுத்தால் மூச்சுத் திணறும். எழுந்து உட்கார்ந்தால் சற்றே தணியும். அந்நிலையில் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

நம் வட்டாரத்திற்கு இதில் தனிக் கவலையும் உண்டு. நீரிழிவு இல்லாத உழவுத் தொழிலாளரிடமும் காரணம் புலப்படாத சிறுநீரக நோய் காணப்படுவதை ஜிப்மர் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2020-இல் அதற்குத் தொண்டைமண்டலத்தின் பெயரையே இட்டு எழுதினர். வெயிலில் உழைக்கும் நலமுள்ளவருக்கு இளநீர் நல்லதே. நோய் உள்ளே இருப்பதை அறியாதவருக்கு எது நல்லதென்று யார் சொல்வது? குருதியில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பது எளிய சோதனை.

"அப்படியானால் தாகத்திற்கு என் செய்வது?" என்றார் பெரியவர். மருத்துவர் அளந்து சொன்ன நீரில் ஒரு பகுதியைப் பனிக்கட்டியாக்கி வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். கடைக்காரர் அதற்குள் காயைச் சீவிவிட்டார். வீணாகாதிருக்க அதை நானே பருகினேன். பெரியவர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.