உறைமண்ணில் உறங்கிய பூஞ்சணம்

தேயிலைக் கொழுந்தை வாயிலிட்டு மென்றால் கசக்கும். அக்கசப்பில் ஒரு பங்கு கபீன் என்னும் அல்கலோயிட்டினுடையது. சிங்கோனாப் பட்டையிலுள்ள கொயினாவும், நம் கேகாலைப் பகுதிப் பாக்கிலுள்ள அரெக்கொலினும் அவ்வினத்தனவே. நைதரசன் கொண்ட இப்பொருள்கள் சிற்றளவிலேயே உடலை ஆட்டிவைப்பன. இவற்றை ஆக்கும் ஆற்றல் செடிகளுக்கே உரியதன்று; பூஞ்சணத்துக்கும் உண்டு.

ரஷ்யாவின் வடதுருவப் பகுதியில் கோடையிலும் உருகாத மண் ஆழத்திலே கிடக்கின்றது. பதினெட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான அத்தகைய படிவொன்றிலிருந்து பெனிசிலியம் சித்ரினம் என்ற பங்கசை உயிருடன் மீட்டனர். இன்றைய மனித இனம் தோன்றுமுன்பே புதையுண்டது அது! மேல்மண்ணில் வாழும் பங்கசு ஏதேனும் துளையிடும்போது உட்புகுந்ததோ என மாணவர் ஐயுறலாம், நல்ல ஐயமே. அதனாற்றான் துளையிடுவோர் திரவம் எதுவும் ஊற்றாது, மண்ணை உறைந்த உருளையாகவே எடுத்து, புறத்தைச் சீவித் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் ஆராய்கின்றனர்.

கொஸ்லொவ்ஸ்கி முதலிய அறிஞர் இதனை ஆய்வுசாலையில் வளர்த்தபோது, குயினோசித்ரினீன் என்னும் புதிய அல்கலோயிட்டுகள் இரண்டு கிடைத்தன. 2003இல் அச்செய்தி வெளியாயிற்று. இவ்வினப் பங்கசு நமக்கும் அந்நியமன்று. மழைக்காலத்தில் மாவனல்லை வீடுகளில் ஈரம் ஏறிய அரிசியிலும் அது வளரக்கூடும். அது சுரக்கும் சித்ரினின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. கழுவிச் சமைத்தாலும் முற்றாக நீங்காது. பூஞ்சணம் பிடித்த அரிசியை வெயிலில் உலர்த்தி உலையிலிடும் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

உறைமண் பங்கசு அக்ரோகிளவீன்-1 என்பதனையும் ஆக்கியது. இது எர்கொட் குடும்பத்தைச் சேர்ந்தது. ரை என்னும் தானியக் கதிரிலே கறுத்த கொம்பு போல் முளைப்பது எர்கொட். அது கலந்த மாவை உண்ட ஐரோப்பியர் முற்காலத்தில் கைகால் அழுகி மாண்டனர். தமிழகத்துக் கம்புக் கதிர்களில் தேனொழுகல் நோயை உண்டாக்குவதும் அதன் உறவுப் பங்கசே. பெயர்தான் தேன்!

ஆயினும் அந்த எர்கொட்டிலிருந்தே 1935இல் எர்கொமெத்திரின் பிரித்தெடுக்கப்பட்டது. பிள்ளைப்பேற்றின்பின் கருப்பையைச் சுருங்கச் செய்து உதிரப்பெருக்கை அடக்கும் மருந்து அது. தோட்டத்து லயங்களில் பேறுகாலம் எத்துணை அச்சந் தருவதாயிருந்தது என்பதை நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வர். அம்மருந்து கிட்டிய இடங்களில் அவ்வச்சத்தில் ஒரு பகுதி குறைந்தது.