காயில் எத்தனை நாள் வரும்?

சாரல் பிடித்திருந்த ஒரு சாயங்காலம். தென்காசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐந்தருவியில் குளித்த ஈரம் தலையில் காயாமல் ஒரு பையன் வந்தான். கல்லூரியில் படிக்கிற வயதுதான் இருக்கும். தடித்த பேனா போன்ற ஒரு கருவியை மேசையில் வைத்தான்.

"அண்ணாச்சி, இழுத்தா கருகின வாடை அடிக்கி. காயில் மட்டும் மாத்திக் குடுங்க. கழுவிப் போட்டா இன்னும் எத்தன நாள் வரும்?"

நண்பர் அதைத் தொடவில்லை. "இத மொதல்ல பைக்குள்ள போடு தம்பி" என்றார். ஆனால் பையன் கழற்றிய பழைய காயில் ஒன்றையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். அதைச் செல்போன் பார்க்கும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். தீக்குச்சியின் மருந்து முனை அளவுக்குச் சுருட்டிய கம்பி. அதன் மேல் அல்வாச் சட்டியின் அடியில் பிடித்துப் போகுமே, அப்படி ஒரு கறுப்புப் பொருக்கு. உள்ளே இருந்த பஞ்சு, வெள்ளையாக இருக்க வேண்டியது, டீ வடிகட்டியைப் போலப் பழுப்பேறி, நடுவில் கரிந்திருந்தது. அதன் வழியாக வந்த புகையைத்தான் அவன் இரண்டு வாரமாக நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறான்.

அவன் கேள்விக்கு நேரான பதில் உண்டு. வேப், இ-சிகரெட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதன் உயிர் அட்டமைசர் என்ற அந்தச் சிறு பகுதியில் இருக்கிறது. நிக்கல்-குரோமியம் கலவையிலோ, இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலவையிலோ ஆன கம்பிச்சுருள் (அதுதான் காயில்), அதைத் தொட்டபடி பஞ்சு, பஞ்சில் ஊறும் திரவம். திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள் இருக்கும். பேட்டரி கம்பியைச் சூடாக்க, திரவம் ஆவியாகிறது. நாள் முழுக்க இழுப்பவருக்கு இந்தக் காயில் ஒன்று, ஒன்றரை வாரம் வரும். எப்போதாவது இழுப்பவருக்குச் சில வாரம் வரும். இனிப்பு கூடிய ஃப்ளேவர் என்றால் சீக்கிரமே போய்விடும், ஏனென்றால் அந்த இனிப்பு கம்பியிலேயே காய்ந்து பொருக்காகிறது.

பஞ்சில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் ஓரளவுக்குள் நிற்கும். ஈரம் வற்றிய கணத்தில் கம்பி கட்டுக்கு மீறிச் சூடேறுகிறது. பஞ்சு எரிகிறது. கிளைக்காலும் கிளிசரினும் உடைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் ஆகின்றன. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். அக்ரோலின், எண்ணெய்ச் சட்டி காந்தும்போது கண்ணையும் தொண்டையையும் அறுக்குமே, அந்தக் காட்டம். பையன் சொன்ன கருகின வாடை அதுதான். அந்த வாடையைக் காட்டித்தான் உடம்பு அவனை எச்சரிக்கிறது.

ஆயுளை நீட்ட ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். வெந்நீரில் போடு, சாராயத்தில் ஊறவை, பஞ்சை மட்டும் மாற்று, குறைந்த சூட்டில் இழு, தூக்கியெறியும் வகையை ஊசியால் நிரப்பு. சூட்டைக் குறைத்தால் காயில் சில நாள் கூட வருவது உண்மை. ஆனால் கழுவினால் பொருக்கின் மேல்பகுதி மட்டும் போகும், அரித்த கம்பி அரித்ததுதான். சாராயமோ தண்ணீரோ சரியாகக் காயாவிட்டால் அதுவும் சூடேறி உள்ளே போகும். அடைத்து விற்ற கருவியைக் குத்தித் திறப்பதில் பேட்டரியும் குத்துப்பட்டால் கையிலேயே தீப்பிடிக்கும்.

அப்படியானால் புதுக் காயில் போட்டுக்கொண்டே இருந்தால்? இந்தக் கேள்வியைப் பையனும் கேட்டான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. புட்டியில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. காயிலைத் தொட்டு வந்த ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீசு எல்லாம் பல மடங்கு. காயிலை அடிக்கடி மாற்றுகிறவர்களின் கருவியில்தான் உலோகம் இன்னும் கூடுதலாக இருந்தது. பழையது கருகிக் கெடுக்கிறது, புதியது உலோகத்தைக் கக்கிக் கெடுக்கிறது. பராமரிப்பு என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே அமெரிக்காவில் 2019-ல் இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு கூட்டங்கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். கள்ளச் சந்தையில் வாங்கிய திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான் பெரும்பான்மைக்குக் காரணமாக இருந்தது. நம் ஊரில் கைக்கு வருகிற வேப் எல்லாமே கள்ளச் சந்தைச் சரக்கு என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதியிருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

தமிழ்நாட்டில் 2018-லேயே வேப்புக்குத் தடை வந்துவிட்டது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்து, அந்த டிசம்பரிலேயே அதை முழுச் சட்டமாக்கியது. தென்காசி தனி மாவட்டமானது அதே ஆண்டு நவம்பர் 22-ல். இந்த மாவட்டம் பிறந்த நாளிலிருந்து இங்கே ஒரு வேப்கூடச் சட்டப்படி விற்கப்பட்டதில்லை. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, கொண்டுசெல்லுதல், விளம்பரம் எல்லாம் குற்றம். முழுக் கருவியாக இருந்தாலும் அதன் ஒரு பாகமாக இருந்தாலும் குற்றம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆகவே காயில் மட்டும் விற்பதும் குற்றமே. முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். தன் இடத்தில் சரக்கு வைக்கத் தெரிந்தே விடுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். நண்பர் அந்தக் கருவியைத் தொடாததில் காரணம் இருக்கிறது. சீசனில் லாட்ஜ் நடத்துகிறவர்களும் அருவிக்கரைக் கடைக்காரர்களும் இந்தக் கடைசிப் பிரிவை அறிந்திருப்பது நல்லது. 'ஒரு பெட்டி வச்சுக்கோங்க, நாளைக்கு எடுத்துக்கறேன்' என்று கேட்பவர் உங்களைத்தான் மாட்டிவிடுகிறார்.

இழுக்கிறவருக்கு என்று தனித் தண்டனை இந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் எந்த வடிவில், எந்த அளவில் வைத்திருந்தாலும் அது சட்டமீறல் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2023-ல் விளக்கம் தந்தது. கடையநல்லூரிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் வெளிநாடு போய்வருகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். துபாயில் கடையில் வைத்து விற்கிறார்கள், பில் தருகிறார்கள். அந்தப் பில் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ சுங்கத்தில் நிற்காது. ஒன்றே ஒன்று பையில் இருந்தாலும் அது இறக்குமதி. சிங்கப்பூரில் வைத்திருப்பதும் இழுப்பதும்கூடத் தண்டனைக்குரியவை, 2025 செப்டம்பர் முதல் தண்டனை இன்னும் கடுமையாகிவிட்டது. வேலை அனுமதிச் சீட்டோடு போன பிள்ளைக்கு அங்கே மாட்டினால் இழப்பு அபராதத்தோடு முடியாது.

போலீஸ் பிடித்தால் என்ன என்று பெற்றோர் கேட்கிறார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கே சோதனையிடும் அதிகாரம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி சோதனையும் பறிமுதலும் ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும், பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். தண்டனை தருவது நீதிமன்றம். நின்ற இடத்தில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக்கூடாது என்பது சிறார் நீதிச் சட்டம். சரக்கு மோசம் என்று விற்றவன் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக மட்டும் வழியில்லை. தடைசெய்த பொருளுக்கு ஏது பில், ஏது வாரண்டி!

சட்டம் இருக்கட்டும், உடம்புக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் ஆலங்குளத்திலும் கடையத்திலும் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்து, இலையைக் கத்தரித்து, தூளை உருட்டி பீடி சுற்றுகிறார்கள். புகைக்காமலே புகையிலைத் தூளால் இருமும் தாய்மார்களை நான் பார்த்து வளர்ந்தவன். அவர்களின் பிள்ளைகள் பீடியைத் தொடுவதில்லை, 'அதுலதான் கெடுதல், இது வெறும் ஆவி' என்கிறார்கள். ஐந்து சதவீத நிக்கோட்டின் என்று எழுதிய திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் இருக்கிறது. மாம்பழ வாசனையில் தொண்டை எரியாமல் அது இறங்குவதால் எவ்வளவு போனது என்பதே தெரிவதில்லை. இருபத்தைந்து வயது வரை வளர்கிற மூளையை அது பிடித்துக்கொள்கிறது.

விட நினைக்கிறவர் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணை அழைக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடம்தான். மருத்துவர் சொன்னால் நிக்கோட்டின் மிட்டாயும் சூயிங்கமும் கைகொடுக்கும். மூச்சு வாங்கல், நெஞ்சுவலி, காய்ச்சலோடு இருமல் வந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வேப் இழுத்தேன் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அதைக் கேட்டால்தான் அவர் சரியான பக்கம் பார்ப்பார். குழந்தை அந்தத் திரவத்தைக் குடித்துவிட்டால் வாந்தி வரவைக்க முயலாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

விட்ட கருவியைச் சிற்றாற்றில் எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் தாமிரபரணியில்தான் போய்ச் சேர்கிறது. நெருப்பிலும் போடாதீர்கள், லித்தியம் பேட்டரி வெடிக்கும். மற்றக் குப்பையோடு கலக்காமல், இதில் பேட்டரி இருக்கிறது என்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். அந்தப் பையன் அன்றைக்கு அதைப் பையிலேயே போட்டுக்கொண்டு போனான். விட உதவும் அந்த இலவச எண்ணை மட்டும் நண்பர் ஒரு ரசீதுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.