கிடங்கிலுக்குப் போகும் வழி

விழுப்புரம் சந்திப்பிலிருந்து தண்டவாளம் ஐந்து பக்கம் பிரிகிறது: செங்கல்பட்டு, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி. ரயிலில் பாடிப் பிழைப்பவர்களுக்கு இதைவிடத் தோதான ஊர் அமைவது அரிது. ஒரு வண்டியில் வந்து இறங்கினால், ஏறிக்கொள்ள இன்னொன்று வரும்.

கழுத்தில் ஸ்பீக்கர் பெட்டி, கையில் மைக், முன்னால் போகிறவர் தோளில் பின்னால் வருபவரின் கை. பாசஞ்சர் வண்டிகளில் பார்வையற்ற பாடகர்கள் இப்படித்தான் நடக்கிறார்கள். பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் பெட்டியின் மறுகோடிக்குப் போய்விட வேண்டும். அடுத்த நிலையத்தில் கூட்டம் ஏறினால் நடக்க வழி இருக்காது. விழும் காசு நாணயமா, தாளா என்பதை விரல்தான் சொல்லும்.

விழுப்புரத்துக்கு வடக்கே சுமார் 37 கி.மீ. தொலைவில் திண்டிவனம். அந்த ஊருக்குள் கிடங்கல் என்றொரு பகுதி இருக்கிறது. அதுதான் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடன் இருந்த கிடங்கில். ஊர் ஊராய்ப் போய்ப் பாடிச் சம்பாதிப்பது எப்படி என்று தமிழில் எழுதப்பட்ட பழைய வழிகாட்டிகளில் ஒன்று இந்த ஊரைத்தான் காட்டுகிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, 269 அடி. உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் அது மூன்றாவது.

பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை வழியில் பார்த்துத் தகவல் சொல்கிறான். மூவேந்தரின் வஞ்சியும் மதுரையும் உறந்தையும் இப்போது கொடையில் மங்கிவிட்டன, கிடங்கிலுக்குப் போ என்கிறான். போகிற வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அதுவும் கணக்காக இருக்கிறது. கடலோரத்து எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட குழல்மீன். வேலூரில் எயினர் என்ற வேட்டுவர் வீட்டில் புளி போட்டுச் சமைத்த சோறும் ஆமான் என்ற காட்டுப்பசுவின் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் கருத்து. அங்கிருந்து திண்டிவனம் சுமார் 35 கி.மீ.

வழி சொல்லும் பாணனின் பழைய வீட்டையும் புலவர் மறைக்கவில்லை. கரையான் அரித்த சுவர், காளான் பூத்த அடுக்களை, அதில் குட்டிகள் பால் குடிப்பதைப் பொறுக்காமல் குரைக்கும், குட்டி போட்ட நாய். மனைவி குப்பைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு பரிமாறுகிறாள். பசியைவிட அந்தச் சாத்திய கதவுதான் நெஞ்சை அறுக்கிறது.

கிடங்கிலில் கிடைக்கும் கூலி என்ன? மெல்லிய புத்தாடை, மன்னனே பக்கத்தில் நின்று பொற்கலத்தில் ஊட்டும் விருந்து, பாகனோடு ஒரு தேர். எல்லாம் வந்த அன்றே. நாளை வா என்ற பேச்சில்லை. பாடிப் பிழைக்கிறவருக்கு அன்றன்றைய கூலி அன்றே கைக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது நத்தத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைய கணக்கு வேறு. வீட்டு வாசலில் உறுமி அடிக்கும் பூம்பூம் மாட்டுக்காரருக்கு அரிசியும் பழைய துணியும். ரயில் பாடகருக்குச் சில்லறை. அதுவும் ஃபோனில் பணம் அனுப்பும் பழக்கம் வந்தபின் பல பைகளில் சில்லறையே இல்லை. சிலர் ஸ்பீக்கரில் க்யூஆர் அட்டை ஒட்டிக்கொள்கிறார்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு பெட்டிக்குள் பிச்சை எடுக்கத் தடை விதிக்கிறது. தொண்டை வற்றப் பாடுகிறவரையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடைத்துவிடுகிறோம். அது அநியாயம். பாட்டைக் கேட்டுவிட்டுக் கொடுப்பது கூலிதான்.

பரிசு பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை விழுப்புரம் நடைமேடையில் இன்னும் நடக்கிறது. இறங்குகிறவர் ஏறப்போகிறவரிடம் சொல்கிறார்: எந்த வண்டியில் கூட்டம், எதில் கெடுபிடி, எந்தப் பெட்டியில் பாட்டைக் கேட்கிற ஜனம்.