கார் பேட்டரிக்கு வயசாயிடுச்சா? மக்கர் பண்ணும் முன்னே உஷார்!

மீமிசல்:- நடுராத்திரி அறந்தாங்கி அரசு ஆஸ்பத்திரிக்கு அவசரமாக கிளம்பும்போது கார் 'டிக் டிக்' என்று நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து.

கார் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 வருஷம்தான் உழைக்கும். வெயில் ஊரில் ஆயுசு இன்னும் குறையும். செல்ப் திணறுவது, பேட்டரி உப்புவது எல்லாம் எச்சரிக்கை மணி.

செல்ப் திணறினால் உடனே காசை கொட்ட வேண்டாம். மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் டெர்மினல் பூத்துப் போகும். சுத்தம் செய்து இறுக்கினாலே சிலநேரம் சரியாகிவிடும்.

ராத்திரி நிறுத்திய காரில் காலையில் மீட்டர் வைத்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டணும். 12.4-க்கு கீழே என்றால் சார்ஜ் போடணும். முழு சார்ஜ் ஏற்றியும் ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்கு கீழே விழுந்தால் மாற்றுவதே நல்லது.

பழைய பேட்டரியில் ஈயமும் ஆசிட்டும் இருப்பதால் குப்பையில் வீசாதீங்க. கடையில் கொடுத்தால் புதுசு விலையில் கழிச்சுக்குவாங்க.