மலையின் நகர்வைச் சொல்லும் செயற்கைக்கோள்: உருளும் பாறைக்குப் போதுமா?

புது தில்லி: திருமலைக்குச் செல்லும் இரண்டாவது மலைப்பாதையில் 2021 டிசம்பர் 1-ம் தேதி அதிகாலை பெரும் பாறைகள் உருண்டு விழுந்தன. சாலை சேதமடைந்து, போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய வாரங்களில் அங்கு பலத்த மழை பெய்திருந்தது. சென்னையிலிருந்து மலையேற்றத்துக்குப் பலர் செல்லும் நாகலாபுரம் மலையும் இதே திருப்பதி மாவட்டத்தில்தான் உள்ளது.

இத்தகைய சரிவுகளை முன்கூட்டியே அறிய முடியுமா? மெதுவாக நகரும் மண்சரிவு என்றால், ஓரளவு முடியும்.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைக் கொண்டு செல்போன் காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். ஆனால், அசையாத பாறை மீது ஒரு கருவியையும் சரிவில் மற்றொன்றையும் நிறுவி, இரண்டின் பதிவுகளையும் ஒப்பிட்டால் பிழை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். நாள்தோறும் கிடைக்கும் அளவுகளிலிருந்து நகர்வின் வேகம் கணக்கிடப்படுகிறது. வேகம் கூடக்கூட அதன் தலைகீழ் மதிப்பு குறையும். அந்த வரைகோடு பூஜ்யத்தைத் தொடும் நாளே சரிவு நிகழக்கூடிய நாள் என்பது ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ 1985-ல் முன்வைத்த முறை.

இத்தாலியில் வையோன்ட் அணைக்கு மேலிருந்த மலைச்சரிவு சுமார் மூன்று ஆண்டுகள் மெல்ல நகர்ந்து, 1963 அக்டோபர் 9-ம் தேதி இரவு நீர்த்தேக்கத்தில் சரிந்தது. எழுந்த அலையில் சுமார் 2,000 பேர் மாண்டனர். நகர்வு அளக்கப்பட்டே வந்தது. அதன் பொருள்தான் சரியாகக் கணிக்கப்படவில்லை.

திருமலையின் சிக்கல் வேறு. விரிசல் விட்ட கடினப் பாறை மாதக்கணக்கில் நகர்ந்து காட்டுவதில்லை, நொடியில் பெயர்ந்துவிடும். அங்கே செயற்கைக்கோளை மட்டும் நம்புவதில் பயனில்லை. மழையளவையும் விரிசலின் அகலத்தையும் கவனிப்பதுடன், கம்பிவலை இட்டுப் பாறையை இறுக்குவதும் தேவை.

கேரளத்தின் மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் மண்ணுக்குள் நீரழுத்தத்தையும் சாய்வையும் அளக்கும் கருவிகளைப் புதைத்து, 2009 பருவமழையின்போதே எச்சரிக்கை விடுத்தது. ஆனால், ஒவ்வொரு சரிவிலும் இவ்வாறு கருவிகளைப் புதைப்பது செலவு பிடிக்கும் வேலை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் கொல்கத்தாவில் 2024 ஜூலை 19-ல் தொடங்கப்பட்டது. டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி மாவட்டங்களுக்கே முதலில் அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. அடுத்த 11-ம் நாள் வயநாட்டில் மலை சரிந்து 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.