திரைக்கு அப்பாலும் இசை உண்டு

சென்ற பொங்கல் விழாவுக்கு முன் நம் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியபோது ஒரு சிறு வழக்கு எழுந்தது. நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர், தாமே எழுதி மெட்டமைத்த மூன்று பாடல்களை மேடையில் பாட இடம் கேட்டு வந்தனர். கிட்டார் உண்டு, தபலா உண்டு, பறையும் உண்டு என்றனர். பறை என்ற சொல்லைக் கேட்டதும் கூடத்தில் பேச்சு நின்றது. "மங்கல விழாவில் சாவு மேளமா?" என்றார் ஒரு பெரியவர். "நாலு பேருக்குத் தெரிந்த சினிமாப் பாட்டாகப் பாடிவிட்டுப் போகட்டுமே" என்றார் இன்னொருவர். நாமும் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தோம், வாய் திறந்தோமில்லை. பிள்ளைகள் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிச் சென்றனர். விழாவன்று அவர்கள் வரவுமில்லை. அன்று பேசாதிருந்த குறையை இக்கட்டுரையால் தீர்த்துக்கொள்ள எண்ணுகிறோம்.

திரைப்படத்தை நம்பாமலும், இசை நிறுவனத்தின் முதலை எதிர்பாராமலும், தாமே பாட்டெழுதித் தாமே மேடையேறும் குழுக்கள் இன்று நம் நாட்டில் பல. இவற்றைச் சுயாதீன இசைக்குழுக்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இளைஞர்கள் 'இண்டி' என்பர். இன்னும் பரவலாக அறியப்படாத குழுக்களை 'அண்டர்கிரவுண்டு' என்பர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. சிறு அரங்கு ஒன்று. நூறோ இருநூறோ பேர். நுழைவுச் சீட்டில் சேர்ந்த பணத்தை அரங்கத்தாரும் குழுவினரும் பங்கிட்டுக்கொள்வர். ஒலிபெருக்கிக்கும் வண்டி வாடகைக்கும் போக எஞ்சுவது சில வேளை உணவுக்கே போதாது. ஆதலால் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பாடுவோரே மிகுதி. எனினும் பாட்டு அவர்களுடையது. அதில் இன்னதைச் சொல், இன்னதைச் சொல்லாதே என்று கட்டளையிடுவார் எவருமில்லை. இவ்வுரிமைக்காகவே அவர்கள் அவ்வளவு தொல்லையையும் ஏற்கின்றனர்.

நமக்கு அண்மையிலுள்ள மைசூரையே எடுத்துக்கொள்வோம். அங்கு வளர்ந்த ரகு தீட்சித், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிசுநாள ஷரீபரின் கன்னடப் பாடல்களைக் கிட்டாரோடு பாடி, கல்லூரி இளைஞரின் வாயில் அவற்றை மீண்டும் ஏற்றினார். அவரது முதல் இசைத்தொகுப்பு 2008-இல் வெளிவந்தது. அவர் தம்பி வாசு தீட்சித், 'ஸ்வராத்மா' என்னும் குழுவில் பாடிப் பெயர் பெற்றவர். பெங்களூரில் 1996-இல் தோன்றிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' குழுவோ ஆங்கிலத்தில் தம் ஊரைப் பற்றிப் பாடி ஒரு தலைமுறையையே கவர்ந்தது. கடல் கடந்த நம்மவரும் பின்தங்கினாரல்லர். மலேசியத் தமிழரான யோகி பி, 'நட்சத்ரா' குழுவினருடன் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, வேகப் பேச்சையே பாட்டாக்கும் 'ராப்' முறையைத் தமிழ்நாட்டு இளைஞர் பலருக்கு அறிமுகம் செய்தது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் தாயகத்துக்கு ஒரு புதிய வழியைக் காட்டினர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, கூடத்தில் பேச்சை நிறுத்திய அந்தப் பறைக்கு வருவோம்.

2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி நடைபெற்றது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு அன்று முதன்முதலாக மேடையேறிற்று. சாதியற்றோர் என்று பொருள்படும் அப்பெயர், அயோத்திதாசப் பண்டிதர் நூறாண்டுகளுக்கு முன்னரே வழங்கிய கருத்திலிருந்து பிறந்தது. வடசென்னையின் கானாப் பாடகர், வேகப் பேச்சுப் பாடகர், பறையடிப்போர், கிட்டார் வாசிப்போர் யாவரும் ஒரே மேடையில் நின்றனர். சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானாவும், அங்கேயே அடிக்கப்படும் பறையும், ஆயிரக்கணக்கானோர் முன் தலைநிமிர்ந்து ஒலித்தன. அக்குழுவில் பாடிய இசைவாணி, ஆண்கள் மட்டுமே பாடி வந்த கானாவைத் தாமும் பாடிய பெண்மணி. 2020-ஆம் ஆண்டு பிபிசி நிறுவனம் தொகுத்த உலகின் நூறு பெண்டிர் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

மார்கழி என்றால் சபாக்களும் கர்நாடக இசைக் கச்சேரிகளும்தாம் என்பது சென்னையின் நெடுநாள் வழக்கு. 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றிய நாள்முதல் அவ்வழக்கு வளர்ந்து வந்தது. அதே மார்கழியில் கிராமியப் பாடகருக்கும் கானாப் பாடகருக்கும் மேடை அமைக்க எண்ணி, 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தார் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவைத் தொடங்கினர். இதற்கு முன்பே, 2015-இல், பாடகர் டி.எம். கிருஷ்ணா முதலியோர் சென்னைக் கடற்கரையிலுள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் நடுவே ஒரு கலைவிழாவைத் தொடங்கியிருந்தனர். சபையிலிருந்து குப்பத்துக்கும் குப்பத்திலிருந்து மேடைக்கும் இசை நடந்து செல்லக் கூடும் என்பதை இவ்விரண்டும் காட்டின.

பறை சாவுக்கு மட்டுமே உரியது என்பது உண்மையன்று. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கிச் சொல்லும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. அறுவடைக்கும் திருவிழாவுக்கும் போருக்கும் அடிக்கப்பட்ட கருவி அது. அதை அடித்தோரை ஊருக்கு வெளியே தள்ளிய பின்னரே கருவியும் சாவுக்குரியதாகத் தள்ளப்பட்டது. வளைந்த மரச்சட்டத்தில் மாட்டுத்தோல் போர்த்து, வாசிக்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சி, நீண்ட மெல்லிய குச்சி ஒன்றாலும் குட்டையான தடித்த குச்சி ஒன்றாலும் அடிப்பர். தோல் காய்ந்தால்தான் ஓசை கணீரென்று எழும். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல்லாண்டுகளாக இதனை ஆடிக்கொண்டே அடித்து வருகின்றனர். மதுரை வட்டாரத்தைச் சேர்ந்த பறையாசான் வேலு ஆசானுக்கு 2025-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. நாட்டின் தலைவர் கையால் விருது பெற்ற கலைக்கு நம் சங்க மேடையில் இடமில்லை என்றால், குறை கருவியிடமா, நம்மிடமா?

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. நம் ஹனூரின் வழியாகத்தானே மாதேஸ்வரன் மலைக்குப் பாதை செல்கிறது? சிவராத்திரிக்கும் யுகாதிக்கும் தீபாவளிக்கும் சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களிலிருந்து நம் உறவினர் திரள்கின்றனரே! அங்கே தேவரகுட்டர் கம்சாளேயைக் கையிலேந்தி மாதேஸ்வரரின் கதையை விடிய விடியப் பாடுவதைக் கேளாதார் நம்மில் யார்? இடக்கையில் கிண்ணம் போன்ற தாளம். வலக்கையில் குஞ்சம் கட்டிய வட்டத் தகடு. வீசியும் சுழற்றியும் அடிக்கும்போது ஓசையும் ஆட்டமும் ஒன்றாகிவிடும். அப்பாட்டை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்கித் தரவில்லை. ஆசான் வாயிலிருந்து சீடன் செவிக்குச் சென்றே அது நிலைத்தது. 1956 நவம்பர் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்து, பின்பு மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது நம் கொள்ளேகால் வட்டாரம். எல்லைக்கோடு மாறிற்று, மலைப்பாட்டு மாறவில்லை. தன் காலில் நிற்கும் இசை என்பது மேல்நாட்டு நாகரிகமன்று. நம் வாசலிலேயே நடமாடுவது.

பாட்டும் தாளமும் கூட இல்லாத சோதனை இசையும் ஒன்று உண்டு. 1952-இல் அமெரிக்காவில் ஜான் கேஜ் என்பவரின் ஆக்கம் அரங்கேறியபோது, பியானோவின் முன் அமர்ந்த கலைஞர் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று நொடிகள் ஒன்றுமே வாசியாதிருந்தார். அவையோரின் பேச்சும் மழையும் காற்றுமே இசையாயின. அந்தக் கேஜுக்கு முன்னதாக 1946-இல் இந்திய இசையைக் கற்பித்தவர் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் என்னும் பெண்மணி. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னணு இசைக்கூடமும் அமைந்தது. அங்குப் பதிவான நாடாக்கள் நெடுங்காலம் கிடந்து, 2023-இல் வெளியாயின. இத்தகைய இசை எல்லார்க்கும் இனிக்கும் என்று நாம் சொல்லவில்லை. நமக்கே முதல் முறை தலைவலித்தது. எனினும் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. கேளாமலே தள்ளுவது வேறு.

நிகழ்ச்சிகளுக்குச் செல்ல விரும்பும் குடும்பத்தாருக்குச் சில குறிப்புகள். நாளும் இடமும் குழுவினரின் சொந்த அறிவிப்பிலேயே வெளிவரும். கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு. ஆதலின் புறப்படுமுன் ஒருமுறை கேட்டறிதல் நன்று. பல அரங்குகளில் நின்றே கேட்க வேண்டும்; ஒலி மிகுதியாதலால் சிறுவர்க்குக் காதடைப்பான் அணிவியுங்கள். உணவு விடுதியோடு சேர்ந்த அரங்குகளில் மதுவும் விற்கப்படலாம். பிள்ளைகளோடு செல்வோர் பூங்காவிலும் கல்லூரித் திடலிலும் மாலையில் நடப்பனவற்றைத் தேர்ந்துகொள்க. மார்கழியில் சென்னைக்குச் செல்வோர்க்கு ஹனூரில் இருப்புப்பாதை இல்லை; மைசூர் வரை பேருந்தில் சென்றால், அங்கிருந்து இரவில் புறப்படும் காவிரி விரைவு வண்டி காலையில் சென்னையில் சேர்க்கும். முன்பதிவு 120 நாள் முன்னதாகத் திறந்த காலம் போயிற்று; 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்னரே திறக்கிறது. பண்டிகைக் கூட்டத்தில் இடம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதைச் சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்பவர் என்ற முறையில் நாம் உறுதியாகச் சொல்வோம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். தமிழை அவர்கள் இழந்துவிடுவர் என்று ஒவ்வோர் ஆண்டும் மேடையில் கவலைப்படுகிறோம். அவர்களோ யாரும் சொல்லாமலே தமிழில் பாட்டெழுதிக்கொண்டு வந்து நம் கதவைத் தட்டினர். நாமே கதவை அடைத்தோம். மறுத்த பெரியவரை நாம் குறை கூறவில்லை. அவர் ஐயம் அவர் வளர்ந்த ஊரிலிருந்து அவரோடு வந்தது. பேசியிருக்க வேண்டிய நாமே பேசாதிருந்தோம்.

வரும் பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டுக்குரிய நேரம் இருக்கட்டும். அதனோடு ஒரு மணி நேரத்தை, சொந்தமாகப் பாட்டமைப்போர்க்கு ஒதுக்க வேண்டுமென நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் நாமே தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளோம். மலையடிவாரத்துக் கம்சாளேக் கலைஞரையும் அழைக்கலாம். உரிய சன்மானமும் தரலாம். வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்தப் பறையைக் காய்ச்ச ஒரு கைப்பிடி வைக்கோலும் வேண்டும். வைக்கோலுக்கு நாம் பொறுப்பு. வழிமொழிவதற்கு உறுப்பினருள் எவர் முன்வருகிறீர்கள்?