கல்லாப்பெட்டிக் கணக்கு – 14: பிடித்த பணம்

சென்ற வாரம் ஆள் கணக்கோடு நிறுத்தியிருந்தோம். பத்தாவது ஆள் வந்தால் ஈ.எஸ்.ஐ., இருபதாவது ஆள் வந்தால் பி.எஃப். காண்ட்ராக்டர் அனுப்பிப் பாத்திரம் தேய்க்க வருபவரும், சாயங்காலம் மட்டும் வந்து பில் போடும் உஸ்மானியா பல்கலைக்கழகத்து மாணவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இந்தப் பத்தையும் இருபதையும் மாற்றவில்லை. ஆகவே இந்த வாரம், இரண்டு கோட்டையும் தாண்டிவிட்ட ஒரு கடைக்குள் நேராகப் போய்விடுவோம்.

கடை கற்பனை, கணக்கு நிஜம். ஹைதராபாத்தில், தார்நாகா மெட்ரோ நிலையத்தின் பக்கத்தில் ஒரு டிபன் சென்டர். முதலாளி சென்னையில் தொழில் கற்று இங்கே வந்தவர். கடையில் 24 பேர். தோசை மாஸ்டர் 14,000 ரூபாயில் சேர்ந்தார், இப்போது 18,000 வாங்குகிறார். அடிப்படை, படி என்றெல்லாம் பிரிக்காத மொத்தச் சம்பளம். பி.எஃப்.புக்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000. புதிதாக வேலைக்கு வரும் ஒருவரின் சம்பளம் அதைத் தாண்டினால் பி.எஃப். கட்டாயமில்லை. மாஸ்டரோ அதற்குக் கீழே இருக்கும்போதே உறுப்பினர் ஆகிவிட்டார். அவருக்கு இனி விலக்கு கிடையாது, 15,000 வரைக்குமான கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அவருடைய ஒரு மாதத்தைப் பார்ப்போம். பி.எஃப். 12 சதவீதம், 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ. முழுச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், 135. தெலங்கானா தொழில் வரி, 15,000-க்கு மேல் 20,000 வரை வாங்குபவருக்கு மாதம் 150. ஆக 2,085 பிடித்தம் போக, மாஸ்டர் கைக்கு வருவது 15,915.

முதலாளி தன் பையிலிருந்து போடுவது தனி. அவர் பங்குக்கும் பி.எஃப். 1,800. அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும், மீதி 550தான் மாஸ்டரின் பி.எஃப். பாஸ்புக்கில் ஏறும். இருப்பு குறைவாக இருக்கிறதே என்று தொழிலாளர்கள் சந்தேகப்படுவது பெரும்பாலும் இந்தப் பிரிவினை தெரியாமல்தான். இதற்கு மேல் காப்பீட்டுக்கு 75, நிர்வாகக் கட்டணம் 75, ஈ.எஸ்.ஐ. மூன்றேகால் சதவீதம் என்று 585. மொத்தம் 2,535. மாஸ்டர் ஒருவருக்காக முதலாளி கட்ட வேண்டியது, இரு தரப்பும் சேர்த்து, 4,620 ரூபாய்.

தொழில் வரியில் சென்னைக்காரர்கள் இங்கே வந்ததும் தடுமாறுவார்கள். தமிழ்நாட்டில் அது உள்ளாட்சியின் வரி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாநகராட்சியில் கட்டினால் போதும். இங்கே மாநில அரசின் வரி. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெலங்கானா அப்படியே எடுத்துக்கொண்டது. வணிகவரித் துறையிடம் மாதாமாதம், அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஊழியரிடம் பிடித்துக் கட்ட ஒரு பதிவு, முதலாளி தன் தொழிலுக்குத் தானே கட்ட இன்னொரு பதிவு. இரண்டாவதை மறந்தவர்கள் நிறைய. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்ற அரசியல் சாசன வரம்பு 1988-இல் வைத்தது, இன்றுவரை நகரவில்லை. விலைவாசி ஏறாத ஒரே இடம்.

சம்பளத்தில் டி.டி.எஸ். இந்த அளவுக் கடைகளுக்குப் பெரும்பாலும் வராது. வந்தால் தேதி 7. தாமதித்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீத வட்டி, ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். 24 பேருக்கும் மாஸ்டரின் கணக்கே என்று வைத்துக்கொண்டால், பிடித்தம் மட்டும் மாதம் 50,040 ரூபாய். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? எங்கேயும் தனியாக இல்லை. யாரும் சம்பளக் கவரிலிருந்து 2,085 ரூபாயை எண்ணி எடுத்து வைக்கவில்லை. முதலாளி 15,915-ஐ ஜீபேயில் தட்டிவிட்டார், சம்பளம் போட்டாயிற்று என்று நிம்மதியானார். பிடித்தம் என்பது பேரேட்டில் ஒரு வரி. நடப்புக் கணக்கில் இருப்பதெல்லாம் அவர் கண்ணுக்கு ஒரே பணம். அதற்குள் எண்ணெய் டின்காரர் வருவார், கட்டட வாடகை வரும், 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நிற்கும். பி.எஃப்.புக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் கெடு 15-ஆம் தேதி. இந்த மாதம் தள்ளிப் போட்டு அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று தோன்றுவது இங்கேதான்.

அவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சட்டத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாத முதலாளி, ஒப்படைத்த பொருளைக் கையாடியவராகவே கருதப்படுவார் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் நம்பிக்கை மோசடிப் பிரிவில் விளக்கம் சேர்த்தார்கள். பி.எஃப்.புக்கு 1973-இல், ஈ.எஸ்.ஐ.க்கு 1975-இல். 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவிலும் அந்த விளக்கங்கள் அப்படியே இருக்கின்றன. முதலாளி தன் பங்கைத் தாமதித்தால் அது இந்தப் பிரிவில் வராது. தொழிலாளியின் பங்கைத் தாமதித்தால் நம்பிக்கை மோசடி வழக்கு வரை போகலாம்.

வருமான வரியிலும் இதே பேதம் இருந்தது. முதலாளியின் பங்கை ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டினால் செலவாக ஏற்பார்கள். ஊழியரின் பங்குக்கும் அந்தச் சலுகை உண்டென்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. ஊழியரிடம் பிடித்தது முதலாளியின் பணமே அல்ல, அந்தந்தச் சட்டத்தின் கெடுவுக்குள் கட்டாவிட்டால் செலவாகக் காட்ட முடியாது என்றது தீர்ப்பு. தணிக்கை அறிக்கையில் எந்த மாதத் தொகை எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று ஆடிட்டர் எழுதியிருப்பார். அதைப் பார்த்தே பெங்களூரு மையத்தின் கணினி தொகையை வருமானத்தில் சேர்த்து நோட்டீஸ் அனுப்பியது. இரண்டு நாள் தாமதத்துக்குக்கூட. வருமான வரி விதிகள் அடிக்கடி மாறுகின்றன, இன்றைய நிலையை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். பி.எஃப். அலுவலகத்தின் 15-ஆம் தேதி அதனால் நகராது. தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். 2024 ஜூனில் அபராத விகிதத்தை மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று ஆக்கினார்கள்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. இந்த மாதப் பங்கை இந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். மறந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பர்கத்புராவில் உள்ள பி.எஃப். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த பிறகு, “மாஸ்டர், உங்க பாக்கி பத்தாயிரத்துச் சொச்சம் வருது, கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்கறேன்” என்று சொல்ல முடியாது. தவறுதலாக விட்டுப்போனது என்று ஆய்வாளர் எழுத்தில் அனுமதித்தால் தவிர, அது முதலாளி தலையில்தான். ஈ.எஸ்.ஐ.யிலும் இதே வழிதான். முதலாளியின் பங்கை எந்தப் பெயரிலும் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்பதும் விதி. அப்படியும் “ரெண்டு பக்கத்து பி.எஃப்.பும் உன் சம்பளத்துலதான்” என்று சொல்லி ஆள் எடுக்கும் கடைகள் உண்டு.

கொதிக்கும் எண்ணெய் மாஸ்டர் கையில் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்நாகாவிலிருந்து நாச்சாரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கம்தான். வேலையில் பட்ட காயத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. சிகிச்சையோடு, வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். சாதாரணக் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தால் கணக்கு வேறு. அதற்கு 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்காவது சந்தா ஏறியிருக்க வேண்டும். முதலாளி ஒத்திப்போட்ட மாதங்கள் வலிப்பது அப்போதுதான்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வங்கியில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, சம்பளம் போடும் அன்றே, மாஸ்டருக்கு 15,915 போகும் அதே நேரத்தில், 4,620-ஐ அங்கே தள்ளிவிடுவது. 24 பேருக்கு 1,10,880. அந்தக் கணக்கின் கார்டையும் யூபிஐயையும் கடையில் யாரிடமும் கொடுக்காதீர்கள், முக்கியமாக உங்களிடமே. அவ்வளவு பணம் சம்பள நாளில் இல்லை என்றால், 24 பேரை வைத்து நடத்தும் வியாபாரம் உண்மையில் இருபது பேருக்குத்தான் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆளைக் குறைத்துவிட்டால் பி.எஃப். போய்விடுமா என்று கேட்பீர்கள். போகாது. ஒரு முறை உள்ளே வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் உள்ளேதான்.

அடுத்த வாரம்: பாத்திரம் தேய்க்க ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் பி.எஃப். கட்டவில்லை என்றால் யார் கட்டுவது?